பல்லும் நீரும்

நுழையும்முன்

நிலத்தடியில் ஓடும் நீரைக் கண்ணால் காண இயலாது. எனினும், ஒருவர் இளமையில் குடித்த நீர் எத்தகையது என்பதை அவருடைய பல்லைப் பார்த்தே கூறிவிடலாம். பாறையின் உப்பு நீரில் கரைகிறது. நீரின் உப்பு பல்லில் பதிகிறது. அப்பல்லைத் துலக்க நாம் செலவிடும் நீரும், துலக்கியபின் வடிகாலில் விடும் நீரும் மீண்டும் நிலத்தையும் ஆற்றையும் சென்று சேர்கின்றன. பல்லுக்கும் நன்னீருக்கும் இடையிலான இவ்வுறவை விளக்குகிறது இப்பாடம்.

தருமபுரி மாவட்டத்துச் சிற்றூர்ப் பள்ளிகள் சிலவற்றில் வகுப்புப் படம் எடுக்கும் நேரத்தில், சிரிக்கச் சொன்னவுடன் உதடுகளை இறுக மூடிக்கொள்ளும் பிள்ளைகளைக் காணலாம். கூச்சமோ அச்சமோ அதற்குக் காரணம் அன்று. அவர்களுடைய முன்பற்களில் சுண்ணாம்பு தெறித்தாற்போன்ற வெண்திட்டுகளோ மஞ்சள் கோடுகளோ காவிநிறக் கறையோ படிந்திருக்கும். சாம்பலிட்டுத் தேய்த்தாலும், எத்துணை விலையுயர்ந்த பற்பசையைப் பயன்படுத்தினாலும் அக்கறை அகலாது. பல் துலக்காதவர்கள் என்று வெளியூரார் அவர்களைத் தவறாக எண்ணுவதுண்டு. உண்மையில், நாள்தோறும் இருமுறை பல் துலக்கும் பிள்ளைகளிடத்தும் அக்கறை காணப்படுகிறது. அது பல்லின்மேல் ஒட்டிய அழுக்கன்று. பல் உருவாகும்போதே அதனுள் அமைந்துவிட்ட வடு. அதனை உண்டாக்கியது குடிநீர்.

பற்களுக்கு முல்லையரும்பையும் முத்தையும் உவமையாகக் கூறிய மொழி தமிழ். 'பல் விளக்குதல்' என்னும் வழக்கில் வரும் 'விளக்குதல்' என்பதற்கு ஒளிரச் செய்தல் என்பது பொருள். பாத்திரத்தை விளக்குகிறோம், பாடத்தை விளக்குகிறோம், பல்லையும் விளக்குகிறோம். ஆனால், விளக்கியும் விளங்காத பல் ஒன்று உண்டு என்பதை அறிவியல் உலகம் உணர்ந்து நூற்றாண்டு கடந்துவிட்டது.

கறையின் காரணம் தேடி

1901-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்திலுள்ள கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்னும் ஊருக்கு, அப்போதுதான் பல் மருத்துவப் படிப்பை முடித்திருந்த ஃபிரெடரிக் மெக்கே என்னும் இளைஞர் பணிசெய்ய வந்தார். அவ்வூரில் பிறந்து வளர்ந்தோர் பலருடைய பற்களில் பழுப்புக் கறை இருப்பதைக் கண்டார். ஊர் மக்கள் அதற்கு ஆளுக்கொரு காரணம் கூறினர். மருத்துவ நூல்களிலோ அதைப் பற்றிய குறிப்பு ஏதும் இல்லை. மெக்கே அதனை விட்டுவிடாமல் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தார். வளர்ந்தபின் அவ்வூரில் குடியேறியவர்களுக்குக் கறை படிவதில்லை. அங்கே பிறந்து வளர்ந்த குழந்தைகளுக்கே படிகிறது என்பதை முதலில் கண்டறிந்தார். கறைபடிந்த பற்கள் எளிதில் சொத்தையாவதில்லை என்னும் வியப்பான செய்தியும் அவர் கவனத்துக்கு வந்தது.

1923-ஆம் ஆண்டில் ஐடகோ மாநிலத்தின் ஓக்லி என்னும் சிற்றூருக்கு மெக்கே சென்றார். தொலைவிலுள்ள வெந்நீர் ஊற்றொன்றிலிருந்து குழாய்வழியே ஊருக்கு நீர் கொண்டுவந்த பிறகே தம் பிள்ளைகளின் பற்களில் கறை தோன்றியதாக அவ்வூர்ப் பெற்றோர் கூறினர். அவ்வூற்றைக் கைவிட்டு வேறு நீரைப் பயன்படுத்துமாறு மெக்கே அறிவுரை வழங்கினார். ஊரார் அவ்வாறே செய்தனர். சில ஆண்டுகளில் சிறு பிள்ளைகளுக்கு முளைத்த புதுப்பற்கள் கறையின்றி இருந்தன. குற்றவாளி நீரே என்பது உறுதியாயிற்று. நீரில் உள்ள எப்பொருள் என்பதுமட்டும் தெரியவில்லை. அவ்விடைவெளியை 1931-இல் அலுமினிய நிறுவனம் ஒன்றில் பணியாற்றிய வேதியியலாளர் சர்ச்சில் நிரப்பினார். கறைபடிந்த பற்களையுடைய ஊர்களின் நீரை நுட்பமாகப் பகுத்தாராய்ந்த அவர், அதில் ஃபுளூரைடு மிகுந்திருப்பதைக் கண்டறிந்தார்.

இச்செய்தி நம் நாட்டுக்கும் உரியதாக நெடுங்காலம் ஆகவில்லை. 1937-ஆம் ஆண்டில், சென்னை கிண்டியிலுள்ள கிங் நிலையத்தைச் சேர்ந்த ஷார்ட், பண்டிட், இராகவாச்சாரி ஆகியோர் அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் இந்நோய் நிலைபெற்றிருப்பதை ஆய்வுக்கட்டுரையாக வெளியிட்டனர். அங்கே பல்லோடு நில்லாமல் எலும்பும் பாதிக்கப்பட்டிருந்தது. முதுகெலும்பு விறைத்து நிமிரவும் குனியவும் இயலாத நிலையில் உழவர்கள் இருந்தனர். 'ஃபுளோரோசிஸ்' என்னும் இந்நோயைப் பற்றி இந்தியாவில் எழுந்த தொடக்க ஆய்வுகள் சென்னையோடு தொடர்புடையன என்பது நம் மாணவர் பலர் அறியாத செய்தி.

பாறையிலிருந்து பல்லுக்கு

தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களின் அடித்தளம் கருங்கல் போன்ற கடினப் பாறைகளால் ஆனது. இப்பாறைகளில் அபடைட், பயோடைட், ஹார்ன்பிளெண்ட் போன்ற கனிமங்கள் கலந்துள்ளன. இவற்றுள் ஃபுளூரைடு பிணைந்துள்ளது. மழைநீர் மண்ணில் இறங்கிப் பாறையின் விரிசல்களில் தேங்கும்போது, அக்கனிமங்கள் சிறிது சிறிதாகக் கரைகின்றன. நீர் எவ்வளவு காலம் பாறையோடு உறவாடுகிறதோ அவ்வளவுக்குக் கரைசலும் மிகும். நீரில் சுண்ணச்சத்து மிகுந்திருந்தால் அது ஃபுளூரைடோடு சேர்ந்து வீழ்படிவாகிவிடும். சுண்ணச்சத்துக் குறைந்து காரத்தன்மை மிகுந்த நீரிலோ ஃபுளூரைடு தங்கிவிடுகிறது. ஆதலால்தான் ஒரே ஊரில் ஒரு கிணற்று நீர் நன்றாகவும், அடுத்த தெருவின் ஆழ்துளைக் கிணற்று நீர் தீங்காகவும் அமைவதுண்டு. நிறம், மணம், சுவை ஆகியவற்றால் இரண்டையும் பிரித்தறிய முடியாது. கலங்கல் நீரைத் தேற்றாங்கொட்டையால் தெளியவைக்கத் தெரிந்தவர்கள் நம் முன்னோர். ஃபுளூரைடு மிகுந்த நீரோ பளிங்குபோல் முன்னரே தெளிந்திருக்கும்.

இனிப் பல்லின் பக்கம் வருவோம். பல்லின் வெளிப்பூச்சாகிய எனாமல், மனித உடலிலேயே மிகக் கடினமான பொருள். கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த ஹைட்ராக்சிஅபடைட் என்னும் படிகங்களால் அது ஆனது. நிலைப்பற்கள் ஈறுக்கு வெளியே தோன்றுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே தாடையெலும்பினுள் அவற்றின் எனாமல் உருவாகிறது. கடைவாயின் ஞானப்பல் நீங்கலாக ஏனைய பற்களுக்கு இப்பணி ஏறத்தாழ எட்டு வயதுக்குள் முடிந்துவிடுகிறது. முன்பற்களுக்கோ இன்னும் விரைவில், நான்கைந்து வயதிலேயே முடிகிறது. அக்காலத்தில் குழந்தை குடிக்கும் நீரில் ஃபுளூரைடு மிகுந்திருந்தால், எனாமலை உருவாக்கும் செல்களின் பணி குலைந்து படிகங்களுக்கிடையே நுண்துளைகள் தங்கிவிடுகின்றன. அவையே வெண்திட்டுகளாகத் தோன்றிப் பின்னர்ப் பழுப்பேறுகின்றன. எனாமல் ஒருமுறை உருவானபின் அதனைப் புதுப்பிக்க உடலால் இயலாது. எலும்பு முறிந்தால் கூடும். தோல் கிழிந்தால் ஆறும். எனாமலுக்கு அவ்வாய்ப்பு இல்லை. எனவே, பதினாறு வயது மாணவர் ஒருவருடைய முன்பல், அவர் மூன்று வயதில் குடித்த நீரின் பதிவேடாக அவர் வாயிலேயே இருக்கிறது.

குடிநீரில் ஃபுளூரைடு ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருப்பதை இந்தியத் தரநிலை ஏற்கிறது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 மில்லிகிராம் வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. உலக நலவாழ்வு அமைப்பு வழிகாட்டும் உச்ச அளவும் 1.5 மில்லிகிராமே. வெப்பம் மிகுந்த நிலத்தில் மக்கள் மிகுதியாக நீர் அருந்துவர் என்பதால், குளிர்நாட்டில் தீங்கு செய்யாத அளவும் இங்கே தீங்காகக்கூடும். 3 மில்லிகிராமைக் கடந்த நீரைப் பல்லாண்டுகள் குடிப்போர்க்கு எலும்பும் மூட்டுகளும் பாதிக்கப்படலாம்.

தெரிந்து தெளிவோம்
நீரைக் கொதிக்கவைத்தால் நோய்க்கிருமிகள் அழியும், ஃபுளூரைடு அகலாது. நீர் ஆவியாகிக் குறைவதால் அதன் செறிவு சற்று மிகவும் செய்யும். படிகாரத்தையும் சுண்ணாம்பையும் கலந்து ஃபுளூரைடைப் படியவைத்து வடிக்கும் முறையை நாகபுரியிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் உருவாக்கியது. இந்நோய் மிகுந்திருந்த மாவட்டத்தின் பெயரால் அம்முறை 'நல்கொண்டா முறை' எனப்படுகிறது.

ஊருணியிலிருந்து ஆழ்துளைக்கு

பாறை பல கோடி ஆண்டுகளாக அங்கேயே இருக்கிறது. அப்படியாயின், பற்கறை மட்டும் அண்மைத் தலைமுறைகளில் இத்துணை ஊர்களில் பரவியது ஏன்? விடை, நாம் நீரெடுக்கும் ஆழத்தில் இருக்கிறது.

மழைநீரில் ஃபுளூரைடு பெரிதும் இல்லை. அம்மழைநீரைத் தேக்கிவைத்த ஏரி, குளம், ஊருணி ஆகியவற்றிலிருந்தும், அவற்றின் கசிவால் ஊறிய ஆழமற்ற கேணிகளிலிருந்தும் நம் மக்கள் நெடுங்காலம் குடிநீர் எடுத்தனர். இராமநாதபுரம், சிவகங்கைப் பகுதிகளில் குடிநீர் ஊருணிக்குத் தனிக்காப்பு இருந்தது. அதில் குளிப்பதோ துணி துவைப்பதோ கால்நடைகளை இறக்குவதோ கூடாது. குடத்தால் முகந்து செல்லலாம். எழுதிவைக்கப்படாத சட்டமாக ஊரார் இதனைப் பேணினர்.

எனினும், அக்காலத்தைப் பொற்காலம் என்று கூறிவிடுதல் பொருந்தாது. திறந்த நீர்நிலைகள் வாந்திபேதியைப் பரப்பின. நரம்புச்சிலந்தி நோயையும் பரப்பின. நீரோடு வயிற்றுக்குள் செல்லும் நரம்புச்சிலந்திப் புழு, ஓராண்டளவில் வளர்ந்து காலைத் துளைத்துக்கொண்டு வெளிவரும். குச்சியொன்றில் அப்புழுவைச் சுற்றி நாள்தோறும் சிறிது சிறிதாக இழுத்தெடுக்கும் கொடுமையை முதியோர் சொல்லக் கேட்கலாம். இத்தகைய நோய்களிலிருந்து மக்களைக் காக்கவே ஊர்தோறும் ஆழ்துளைக் கிணறு தோண்டிக் கைப்பம்புகள் பொருத்தப்பட்டன. அம்முயற்சியும் பிற நடவடிக்கைகளும் சேர்ந்து பயனளித்தன. நரம்புச்சிலந்தி நோய் அற்ற நாடாக 2000-ஆம் ஆண்டில் இந்தியா அறிவிக்கப்பட்டது. கிருமியற்ற நீரைத் தந்த அதே ஆழ்துளை, கடினப்பாறை நிலங்களில் ஃபுளூரைடையும் மேலே கொண்டுவந்தது. ஒரு நோயை விரட்ட நன்மனத்தோடு எடுத்த முயற்சி மற்றொன்றுக்கு வழிதிறந்தது என்பதே இவ்வரலாற்றில் கவனிக்கத்தக்கது.

பின்னர் மின்விசை இறைவைகள் பெருகின. எடுத்த நீருக்கு ஈடாக மழைநீர் நிலத்தில் இறங்கவில்லை. ஏரிகள் தூர்ந்தன. நூறு அடியில் கிடைத்த நீர் முந்நூறு அடிக்கு இறங்கியது. ஐந்நூறு, எண்ணூறு என ஆழம் கூடியது. ஆழத்துப் பாறை இடுக்குகளில் இருப்பது நெடுங்காலம் பாறையோடு கிடந்த நீர். மேல்நீர் குறையக் குறைய, அதனோடு கலந்து செறிவைக் குறைக்கும் வாய்ப்பும் குறைந்தது. நீரின் அளவைப் பற்றிய சிக்கலும் நீரின் தரத்தைப் பற்றிய சிக்கலும் வெவ்வேறானவை என்றே பலரும் கருதுகின்றனர். கடினப்பாறை நிலத்தில் அவை பெரும்பாலும் ஒன்றே.

காவிரி வந்த வழி

இந்நிலையை மாற்றவே ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் தீட்டப்பட்டது. அதன் பெயரிலேயே 'ஃபுளோரோசிஸ் பாதிப்புக் குறைப்பு' என்னும் நோக்கமும் இடம்பெற்றுள்ளது. ஜப்பான் நாட்டின் கடனுதவியோடு நிறைவேறி, 2013-ஆம் ஆண்டில் இத்திட்டம் பயன்பாட்டுக்கு வந்தது. ஒகேனக்கல்லில் எடுக்கப்படும் காவிரி நீர் தூய்மையாக்கப்பட்டு, பள்ளத்திலிருந்து மேட்டுநிலத்துக்கு மின்னாற்றலால் ஏற்றப்பட்டு, நெடுந்தொலைவு குழாய்களில் பயணம் செய்து, தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களின் ஊர்களை அடைகிறது. ஆற்றுநீரில் ஃபுளூரைடு குறைவு என்பதே இத்துணை உழைப்புக்கும் பொருட்செலவுக்கும் காரணம்.

குழாய் வந்துவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடுமா? நீர் வரும் நாளில் காவிரி நீரையும், வராத நாளில் ஆழ்துளை நீரையும் குடிக்கும் வீடுகள் உண்டு. இரண்டையும் ஒரே தொட்டியில் கலந்து வழங்கும் இடங்களும் உண்டு. குடிப்பதற்கு மட்டும் காவிரி நீரை வைத்துக்கொண்டு, சோறு சமைக்க ஆழ்துளை நீரைப் பயன்படுத்துவோரும் உளர். அரிசியும் பருப்பும் வேகும்போது நீரை ஈர்த்துக்கொள்கின்றன. அந்நீரின் ஃபுளூரைடும் உணவோடு சேர்கிறது. எனவே, ஊருக்கு வந்துசேரும் நல்ல நீர் குடிப்பதற்கும் சமைப்பதற்கும் போதுமா என்பதே குழந்தையின் பல்லைத் தீர்மானிக்கும் வினா. போதாமைக்கு வழங்கல் குறைவு ஒரு காரணம். வந்த நீரை நாம் செலவிடும் முறை மற்றொரு காரணம்.

குழாயடிக் கணக்கு

வீடுதோறும் குழாய்நீர் வழங்கும் 'ஜல் ஜீவன்' இயக்கம், சிற்றூரில் வாழும் ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் நீர் என்று அளவு வகுத்துள்ளது. குடித்தல், சமைத்தல், குளித்தல், துவைத்தல் அனைத்தும் அதற்குள் அடங்க வேண்டும். இனி, பல் துலக்கும் ஒருவரைக் கவனிப்போம். நன்கு திறந்த குழாயில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 6 லிட்டர் நீர் கொட்டும். குழாயை மூடாமல் இரண்டு நிமிடம் பல் துலக்கினால் 12 லிட்டர் போய்விடும். காலையும் இரவும் அவ்வாறு செய்தால் 24 லிட்டர். அவருக்கு உரிய ஒருநாள் நீரில் ஏறத்தாழப் பாதி, அவர் வாயைக்கூடத் தொடாமல் வடிகாலுக்குச் சென்றுவிடுகிறது. அதே வேலைக்குச் செம்பில் மொண்ட ஒரு லிட்டர் நீர் தாராளம்.

கிணற்றில் கயிறு போட்டு நீர் இறைத்த காலத்தில் எவரும் இவ்வாறு கணக்குப் போட்டுக் காட்டவேண்டியிருந்ததில்லை. இறைத்தவர் கையே கணக்கு வைத்திருந்தது. கிணற்றடியில் வாய் கொப்பளித்த நீரும் வாழைப்பாத்திக்குச் சென்றது. குழாயைத் திருகும் விரலுக்கு நீரின் எடை தெரிவதில்லை.

ஒன்றை மறைக்காமல் கூறவேண்டும். நாம் நிலத்திலிருந்து எடுக்கும் நீரில் பெரும்பகுதி வேளாண்மைக்கே செலவாகிறது. வீட்டுக் குழாயை மூடுவதால் மட்டும் நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்துவிடும் என்று கூறுவது மிகை. சொட்டுநீர்ப் பாசனம், சிறுதானியச் சாகுபடி, ஏரிகளைத் தூர்வாருதல் ஆகியவற்றின் பயன் இதனினும் பெரிது. ஆயினும், நெடுந்தொலைவிலிருந்து மின்னாற்றல் செலவிட்டு மேடேற்றிக் கொண்டுவரும் ஃபுளூரைடு குறைந்த நீர், மற்ற நீரைப் போன்றதன்று. மேட்டுத்தெருவில் திறந்துவிட்ட குழாய், குழாய்த்தொடரின் கடைசி வீட்டில் குடத்தைக் காலியாக நிறுத்தும். அவ்வீட்டார் மீண்டும் ஆழ்துளைக் கிணற்றுக்கே செல்வர். அவ்வீட்டில் மூன்று வயதுக் குழந்தை ஒன்று இருக்கக்கூடும்.

எதிர்ச்சவ்வூடு பரவல் முறையில் நீரைத் தூய்மையாக்கும் கருவி, அதாவது மக்கள் ஆர்.ஓ. என்று வழங்கும் கருவி, ஃபுளூரைடைப் பெருமளவு நீக்கும். ஆனால், வீட்டுக் கருவிகள் பல ஒரு லிட்டர் நல்ல நீரைத் தருவதற்கு ஏறத்தாழ மூன்று லிட்டரைக் கழிவாக வெளியேற்றுகின்றன. தேவையுள்ள ஊரில் அதனைப் பயன்படுத்துவது தவறன்று. கழிவுநீரை வீடு துடைக்கவும் கழிப்பறைக்கும் வைத்துக்கொள்ளலாம். ஆற்றுநீர் நன்றாகக் கிடைக்கும் ஊரிலும் பெருமைக்காக அதனைப் பொருத்திக்கொள்வதே வீண். கூரையில் விழும் மழைநீரை வடிகட்டித் தொட்டியில் சேமித்தால், ஃபுளூரைடு அற்ற நீர் வீட்டிலேயே கிடைக்கும். தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டிலேயே மழைநீர்ச் சேகரிப்புக் கட்டாயமாக்கப்பட்டது. கட்டடங்களில் குழாய்கள் இன்றும் இருக்கின்றன. அவற்றுள் எத்தனை அடைபடாமல் உள்ளன என்பதை ஏறிப் பார்த்தால்தான் தெரியும்.

குச்சியும் பசையும்

ஆலங்குச்சி, வேலங்குச்சி, வேப்பங்குச்சி, நாயுருவி வேர் ஆகியவற்றால் பல் துலக்கியது நம் மரபு. குச்சியின் நுனியை மென்று நாராக்கித் தேய்க்கும்போது உமிழ்நீர் நன்கு சுரக்கும். நெகிழிக் கழிவு இல்லை. வாய் கொப்பளிக்கச் சிறிதளவு நீர் போதும். ஆனால், மரபு என்ற பெயரில் வந்த அனைத்தும் நன்மை தருவனவல்ல. அடுப்புக்கரியும் செங்கற்பொடியும் பல்லை வெண்மையாக்குவதுபோல் தோன்றினாலும் எனாமலை அராவித் தேய்த்துவிடும். புகையிலை கலந்த பற்பொடியோ வாயையே நோயிடமாக்கும்.

பற்பசையின் செய்தி சற்றுச் சிக்கலானது. நாம் உண்ணும் இனிப்பைப் பல்லில் ஒட்டியுள்ள நுண்ணுயிர்கள் அமிலமாக மாற்றுகின்றன. அவ்வமிலம் எனாமலை அரிப்பதே சொத்தை. சிறிதளவு ஃபுளூரைடு பல்லின் மேற்பரப்பில் படும்போது, அமிலத்தால் எளிதில் கரையாத ஃபுளூர்அபடைட் உருவாகிறது, அரிப்பு தடைப்படுகிறது. கொலராடோவில் கறைப்பற்கள் சொத்தையாகாதிருந்ததன் காரணம் இதுவே. ஆகவே, பசையிலுள்ள ஃபுளூரைடு பல்லின் மேலே பட்டால் காவல். குழந்தையின் வயிற்றுக்குள் தொடர்ந்து சென்றால் கேடு. ஒரு கிராம் பசையில் ஏறத்தாழ 1 மில்லிகிராம் ஃபுளூரைடு இருக்கும். அதனைக் குழந்தை விழுங்குவது, தரநிலையின் எல்லையிலுள்ள நீரை ஒரு லிட்டர் குடிப்பதற்கு ஒப்பாகும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அரிசியளவும், ஆறு வயது வரை பட்டாணியளவும் பசை போதும் என்று பல் மருத்துவர்கள் கூறுவது இதனால்தான். விளம்பரங்களில் தூரிகையின் நீளம் முழுதும் அலைபோல் பசை பிதுக்கப்படுகிறது. அது விற்பனைக்குரிய அளவு. பல்லுக்குரிய அளவு அன்று. ஃபுளூரைடு மிகுந்த ஊர்களில் சிறு குழந்தைகளுக்கு எத்தகைய பசை ஏற்றது என்பதை மருத்துவரிடம் கேட்டறிதல் வேண்டும்.

வளர்ந்தவர்களுக்கு மருத்துவர் கூறும் மற்றோர் அறிவுரையும் இங்கே நினைக்கத்தக்கது. துலக்கி முடித்ததும் நுரையைத் துப்பிவிட்டால் போதும். பெருமளவு நீரால் மீண்டும் மீண்டும் கொப்பளித்தால், பல்லின்மேல் தங்கிக் காக்கவேண்டிய ஃபுளூரைடும் கழுவப்பட்டுவிடும். உணவுக்குப்பின் வாய் கொப்பளிப்பது நல்ல பழக்கம்; பசையிட்டுத் துலக்கியபின் குறைவாகக் கொப்பளிப்பதும் நல்ல பழக்கமே. இங்கே பல்லின் நலமும் நீரின் சிக்கனமும் ஒரே பக்கம் நிற்கின்றன.

உணவும் துணைசெய்யும். சுண்ணச்சத்து நிறைந்த பால், தயிர், கேழ்வரகு, கீரை ஆகியனவும் நெல்லிக்கனியும் ஃபுளூரைடின் தீங்கைத் தாங்க உடலுக்கு உதவுகின்றன. புளி சேர்த்த உணவால் சிறுநீர் வழியே ஃபுளூரைடு வெளியேறுவது மிகுவதாக ஐதராபாத்து தேசிய உணவூட்டக் கழக ஆய்வாளர்கள் கண்டனர். நம் வீட்டு இரசத்துக்கு இப்படியும் ஒரு பயன் உண்டு! தேயிலைச் செடி மண்ணிலுள்ள ஃபுளூரைடை இலையில் சேர்த்துக்கொள்ளும் இயல்புடையது; ஆதலால், இவ்வூர்களில் சிறு குழந்தைகளுக்குக் கடுந்தேநீர் கொடுத்துப் பழக்குதல் கூடாது.

வடிகால் வழியே

வாயிலிருந்து துப்பிய நுரை எங்கே செல்கிறது? கழிவுநீர்ச் சுத்திகரிப்பு இல்லாத ஊர்களில் அது சாக்கடை வழியே ஏரியையோ ஆற்றையோ அடைகிறது. சிலவகைப் பற்பசைகளிலும் வழலைகளிலும் கிருமிக்கொல்லியாகச் சேர்க்கப்பட்டு வந்த ட்ரைக்ளோசான் என்னும் வேதிப்பொருள், காவிரி, வெள்ளாறு, தாமிரபரணி ஆகிய ஆறுகளின் நீரில் கலந்திருப்பதை 2011-இல் வெளியான ஆய்வு காட்டியது. நம் வாயிலுள்ள நுண்ணுயிரைக் கொல்லச் சேர்த்த பொருள், ஆற்றில் மீனுக்கு உணவாகும் பாசியையும் தாக்கவல்லது. பல்லைப் பளபளப்பாக்குவதற்கெனச் சில பசைகளில் கலக்கப்பட்ட நுண்நெகிழி மணிகளும் அவ்வாறே நீர்நிலைகளைச் சேர்ந்தன. பற்பசை உள்ளிட்ட கழுவி விடும் பொருள்களில் அவற்றைத் தடைசெய்யும் சட்டத்தை அமெரிக்கா 2015-இல் இயற்றியது. பசைக்குழாயின்மேல் சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும் உட்பொருள்களைப் படித்து வாங்குவோர் நம்மிடையே மிகச் சிலரே.

சொத்தைப் பல்லை அடைக்க நெடுங்காலமாகப் பயன்படும் வெள்ளிநிறக் கலவையில் ஏறத்தாழப் பாதி பாதரசம். அக்கலவையின் துகள்கள் மருத்துவமனை வடிகாலில் சென்றால் பாதரசமும் நீர்நிலையை அடையும். பாதரசக் கழிவு மீன்வழியே மக்களை எவ்வாறு முடமாக்கியது என்பதை ஜப்பானின் மினமாட்டா நகரில் உலகம் கண்டது. அந்நகரின் பெயரால் அமைந்த பன்னாட்டு உடன்படிக்கை, பல் அடைப்பில் பாதரசத்தைக் குறைத்துவர வேண்டும் என்கிறது. இந்தியா 2018-இல் அதனை ஏற்றது. துகள்களைப் பிரித்துத் தடுக்கும் கருவியைப் பொருத்துவது மருத்துவமனையின் பொறுப்பு. சொத்தை வராமல் காப்பது பல்லுக்கு உரியவரின் பொறுப்பு.

ஓக்லி காட்டிய வழி

மாவட்டந்தோறும் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் நீர்ப் பரிசோதனைக் கூடங்கள் இயங்குகின்றன. தூய்மையான நெகிழிப் புட்டியில் நீரைக் கொடுத்து, அதிலுள்ள ஃபுளூரைடின் அளவை அறிந்துகொள்ளலாம். ஊராட்சிகளுக்கு வழங்கப்பட்டுள்ள கள ஆய்வுப் பெட்டியைக் கொண்டும் நிறமாற்றத்தால் ஏறத்தாழ அளவிடலாம். ஊரிலுள்ள கைப்பம்புகளுள் எதன் நீர் குடிக்கத்தக்கது, எதன் நீர் துவைக்க மட்டுமே ஏற்றது என்பதை வண்ணமிட்டுக் குறித்துவிட்டால், எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் பேரனுக்கு எக்குடத்து நீரைக் கொடுப்பது என்பதை அறிவார்.

நல்ல நீர் கிடைத்த மறுநாளே பல் மாறிவிடாது. ஏற்கெனவே கறைபடிந்த பல் அப்படியே இருக்கும். மேற்பூச்சிட்டு அதன் தோற்றத்தை மருத்துவரால் சீராக்க முடியும், அவ்வளவே. இவ்வாண்டு பிறக்கும் குழந்தைக்கு, குடிக்கவும் சமைக்கவும் இன்றுமுதல் நல்ல நீர் மட்டுமே கிடைக்குமானால், பால்பற்கள் விழுந்து, ஆறு அல்லது ஏழு வயதில் கீழ்வரிசையில் முதல் நிலைப்பல் எட்டிப்பார்க்கும். ஏழு அல்லது எட்டு வயதில் மேல்வரிசை முன்பற்கள் தோன்றும். ஓக்லியின் பெற்றோர் நீரை மாற்றிவிட்டுச் சில ஆண்டுகள் காத்திருந்தது அதற்காகத்தான். அதுவரை அந்நீர் இடையறாமல் அவ்வீட்டுக்கு வந்துகொண்டிருக்க வேண்டும். மூன்றாம் வகுப்பில் படம் எடுக்கும் நாளில் அக்குழந்தை வாய்திறந்து சிரிக்கிறதா என்பதை அப்போது காணலாம்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் வீட்டுக் குழாயில் ஒரு நிமிடத்தில் எத்தனை லிட்டர் நீர் வருகிறது என்பதை வாளி வைத்து அளந்து, குடும்பத்தினர் பல் துலக்க ஒருநாளில் செலவிடும் நீரைக் கணக்கிட்டு எழுதுக.

2. உங்கள் ஊரில் ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னர்க் குடிநீர் எடுத்த இடம், அதன் ஆழம், அதனைக் காத்த முறை ஆகியவற்றை முதியோரிடம் கேட்டறிந்து ஒரு பக்கக் கட்டுரையாக்குக.

3. 'விளக்கு' என்னும் சொல் பெயராகவும் வினையாகவும் வரும் தொடர்கள் ஐந்தினை எழுதி, பொருள் வேறுபாட்டைக் குறிப்பிடுக.